ஜெய்னம்பு அக்காவின் சிவப்பு நாற்காலி

எங்கள் லாண்டரியில் வேலை எங்கே அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான். புது மெஷின் எதுவும் வாங்காமல், ஆள் எதுவும் கூட்டாமல், மாலை ஏழு மணிக்குப் போய்க்கொண்டிருந்த கடைசி லாரியை நாலு மணிக்கே கிளப்பிவிட்டவன் நான்.

இப்படித்தான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். புக்கிட் மேராவில் எனக்கு முடிவெட்டுகிறவரிடம் சொல்லியிருக்கிறேன், டாக்சிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், என் சம்பந்தியிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். சுத்தப் பொய். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கப்பட்டதே நான்தான்.

உண்மையை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் பிரியா. இப்போது அங்கே சூப்பர்வைசர். ஜெய்னம்பு அக்கா இந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நிற்கிறார், அவருக்காக ஒரு சின்ன மலர் போடுகிறோம் என்று போன் செய்தாள்.

“அங்கிள், எல்லாரும் ஆளுக்கு ஒன் பேஜ் தர்றாங்க. நீங்க மட்டும் எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம். அக்காகூட லாங்கஸ்ட் வேலை பாத்தது நீங்கதானே?”

“நான் மூணாங்கிளாஸ்மா. என்னைப் போய் எழுதச் சொல்றியே?”

“அதெல்லாம் தெரியாது. மண்டேக்குள்ள வேணும் லா, அங்கிள்.”

அந்தத் திங்கள் போய்விட்டது. அதற்கடுத்த திங்களும் போய்விட்டது. இன்றைக்குத்தான் என் மருமகள் மாலதியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் ‘வந்துட்டான்’ என்று சொன்னால் அவள் ‘வந்துவிட்டான்’ என்று டைப் செய்கிறாள். ஆகவே இதில் மரியாதையாக இருப்பதெல்லாம் அவளுடையது. மிச்சம் என்னுடையது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை. ஒருநாள் போகவில்லை. யாரும் தேடவில்லை. அதிலிருந்தே என் தரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு காப்பிக்கடையில் கிளாஸ் கழுவினேன், கப்பல் பட்டறையில் கப்பல் கழுவினேன், கார் கழுவினேன். கடைசியில் மார்சிலிங் பக்கத்து லாண்டரியில் பெட்ஷீட் கழுவப் போனேன். வாழ்க்கை முழுக்க எதையாவது கழுவியவன், மூளையையும் ஒரு தடவை கழுவியிருக்கலாம்.

அங்கே வேலை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் என் திருட்டுத்தனம் புரியும்.

காலையில் லாரி வரும். ஓட்டல்களிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் வந்த அழுக்கு மூட்டைகள் முதலில் என் மேசைக்கு வரும். எது யாருடையது என்று நான் பிரிக்க வேண்டும். ஒரு வாஷர் கொள்ளும் அளவு சேர்ந்ததும் அந்தக் குவியலுக்கு ஓர் அட்டை போடுவேன். சுவரில் வரிசையாகச் சின்னப் பெட்டிகள் இருக்கும். வாடிக்கையாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் அவர்கள் பெயர் அச்சடித்த அட்டைகள். அந்த அட்டை துணியோடு கடைசிவரை போகும். வாஷரில் துவைத்துப் பிழிந்ததும் விரிப்புகள் ரோலருக்குப் போகும். ரோலர் என்றால் நீராவிச் சூட்டில் சுழலும் பெரிய உருளை. ஈர விரிப்பின் முனைகளை இழுத்துப் பிடித்து உள்ளே விட்டால், சுருக்கமெல்லாம் போய் அப்பளம் மாதிரி வெளியே வரும். அங்கே நிற்பவர் ஜெய்னம்பு அக்கா. மறுமுனையைப் பிடிக்க ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அக்கா மாறவே மாட்டார். மடித்துக் கட்டியதும் லாரி.

விரிப்பின் ஓரத்தில் சொந்தக்காரர் பெயர் தைத்த லேபிள் இருக்கும். இங்கிலீஷ் எழுத்து. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் எல்லா விரிப்பிலும் கலர் நூல் ஓடும். பச்சை நூல் ஒரு ஓட்டல், சிவப்பு நூல் இன்னொரு ஓட்டல். அட்டைப் பெட்டிக்கும் அதே கலர். நூலைப் பார்ப்பேன், அட்டையை உருவுவேன். நோட்டீஸ் போர்டில் ஏதாவது ஒட்டி, “என்னண்ணே போட்டிருக்கு?” என்று யாராவது கேட்டால், “கண்ணாடி வீட்டுல இருக்குடா” என்பேன். பதினோரு வருடம் என் கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. ஒரு தீபாவளிக்கு எல்லோரும் சேர்ந்து எனக்குப் படிக்கிற கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். போட்டுப் பார்த்தேன். தெரியாத எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிந்தது. “பவர் ஒத்துக்கல” என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் நீல நூல் வந்தது. முதலில் ஓர் ஓட்டல். அடுத்து ஒரு முதியோர் இல்லம், அதுவும் நீலம். அதற்கடுத்து இன்னொரு முதியோர் இல்லம், அதுவும் நீலம். மூன்று நீலப் பெட்டிகள், எழுத்து மட்டும் வேறு. உலகத்தில் இத்தனை கலர் இருக்க, மூன்று பேரும் எனக்கென்றே நீலத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நீலத்தையெல்லாம் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுக்கி வைப்பேன். லாரி டிரைவர் ஹாஷிம் முதல் டிரிப் முடித்துப் பத்தரை வாக்கில் திரும்பி வருவார். “ஹாஷிம், இது கலந்து போச்சு, ஒரு தடவை செக் பண்ணு” என்று மலாயில் சொல்வேன். அவர் லேபிளைப் படித்துப் படித்து மூன்றாகத் தூக்கிப் போட்டு, எது எந்தப் பெட்டி என்று கை காட்டுவார். நல்ல மனிதர். நான் ரொம்பக் கவனமான தொழிலாளி என்று அவருக்கு என் மேல் மரியாதை.

இதனால் என்ன நடந்தது? காலை முழுக்கப் பாதி வாஷர் சும்மா நிற்கும். பதினொரு மணிக்கு மொத்த நீலமும் ஒரேயடியாக உள்ளே போகும். மத்தியானம் அத்தனையும் ஒரேயடியாக ரோலர் முன்னால் வந்து குவியும். எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, தினமும் மூன்று மணிக்குத்தான் சுற்றிப் பார்க்க வருவார். அப்போது அக்காவுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஈரத்துணி. அக்காவுக்கு அப்போதே ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. தவுக்கே துணிக்குவியலைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொண்டு போவார். அக்காவை நிறுத்திவிட்டு, விரிப்பைத் தானாக இழுத்து உள்ளே விடும் மெஷின் ஒன்று வாங்கப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அக்காவின் கணவர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அக்கா ஒருவர்தான்.

நானும் அந்தக் குவியலைப் பார்த்தேன். “பாவம், அக்காவுக்கு வயசாச்சு” என்று நானும்தான் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவர் ராஜரத்தினம் சார். புரொடக்ஷன் மேனேஜர். மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் பார்க்க விடுங்கள் என்று தவுக்கேயிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மேனேஜர் என்றால் கழுத்தில் அட்டை, கையில் ஃபைல், வாயில் சத்தம் என்றுதான் நான் பார்த்திருக்கிறேன். இவர் கேன்டீனிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். இடது கை விரலில் கயிறு போட்ட கோப்பி-ஓ, அதாவது பால் விடாத காப்பிப் பாக்கெட், தொங்கியது. காதில் பென்சில். ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டார். ரோலருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். காலை ஏழரையிலிருந்து மாலை வரை எழுந்திருக்கவில்லை. அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, ரோலருக்குள் துணி ஓடினால் ஒரு கோடு, ஓடாவிட்டால் ஒரு வட்டம்.

நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். “என்ன சார், கிரிக்கெட் ஸ்கோரா?”

அவர் சிரிக்கவில்லை. “ஆமாண்ணே. மழைதான் வரக் காணோம்” என்றார், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல்நாள் அட்டையில் வட்டமே குறைவு. காலையிலும் ரோலர் மெதுவாக ஓடிக்கொண்டேதான் இருந்தது. தவுக்கே சொன்னது சரி, அக்கா மெதுவு என்றுதான் அந்த அட்டை சொல்லியது. இரண்டாம் நாள் சார் தையல்காரரின் சாக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு விரிப்பின் மூலையில் சின்னதாக ஒரு பிறை போட்டார். பத்து நிமிடத்தில் அந்தப் பிறை ரோலருக்குள் போனது. இருபது நிமிடம் கழித்து மறுபடி போனது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது தடவை.

சார் எழுந்து போனார். நானும் துணி எடுக்கிற மாதிரி பின்னாலேயே போனேன்.

“அக்கா, இந்த பெட்ஷீட் உங்களுக்குச் சொந்தக்காரங்களா? காலையிலேருந்து மூணு தடவை வந்து பாத்துட்டுப் போகுதே.”

அக்காவின் முகம் செத்துவிட்டது. தேய்த்து முடித்த பன்னிரண்டு விரிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, துணி வராத நேரமெல்லாம் அவற்றையே திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை வருடமாக என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

“மன்னிச்சுக்குங்க சார். காலையில துணி வராது. சும்மா நின்னா, சம்பளம் தர்ற மனுசர் கண்ணுக்கு நான் சும்மா நிக்கிறவளாத்தானே தெரிவேன்?”

“நீங்க சும்மா நிக்கிறது எனக்குத் தெரியணும்கா. அது தெரியாமதான் நான் ரெண்டு நாளா முட்டாள் மாதிரி உக்காந்திருக்கேன்” என்றார் சார்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசினார். “நீங்க எல்லாரும் காஸ்வே பாலம் தாண்டி ஜோகூர் போயிருக்கீங்க. எக்ஸ்பிரஸ்வேயில பஸ் எவ்வளவு வேகமாப் போனாலும், செக்பாயின்ட்ல பாஸ்போர்ட் பாக்கிற கவுன்டர் விடுற வேகத்துலதான் நீங்க ஜோகூர் போய்ச் சேருவீங்க. பஸ்ஸை இன்னும் வேகமா ஓட்டினா என்ன ஆகும்? கியூ இன்னும் நீளும், அவ்வளவுதான். எந்த வேலையிலயும் அப்படி ஒரு கவுன்டர் இருக்கும். அதுக்குப் பேரு கன்ஸ்ட்ரெயின்ட். ஆளாளுக்கு எவ்வளவு பிஸியா இருக்கீங்கன்னு இனிமே நான் அளக்கப் போறதில்லை. லாரியில எத்தனை மூட்டை ஏறுதுங்கிறதுதான் கணக்கு. நம்ம கவுன்டர் எங்கேன்னு கண்டுபிடிக்கணும்.”

“சார், கவுன்டர்ல இருக்கிறவன் டாய்லெட் போயிட்டா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சார் மட்டும் என்னை ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்தார்.

மறுநாள் காலை சிவப்பு நாற்காலி வாஷர் பக்கம் போனது. அதற்கு மறுநாள் என் மேசை முன்னால் வந்து நின்றது.

ஒரு மனிதன் ஒன்றுமே சொல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் ஜோக் அடித்தேன், பாட்டுப் பாடினேன், தவுக்கே நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். பென்சில் நிற்கவில்லை. என் மேசையிலிருந்து ஒவ்வொரு குவியலும் எத்தனை மணிக்கு வாஷருக்குப் போகிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார். தூணுக்குப் பின்னால் நீலம் ஏறிக்கொண்டே போனது. அவர் தூணைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். ஹாஷிமுக்குக் காத்திருக்காமல் நீலத்தை அள்ளினேன். லேபிளை உற்றுப் பார்த்துத் தலையாட்டி, மூன்று பெட்டியில் கைக்கு வந்த அட்டையை உருவிப் போட்டு அனுப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று குவியல் பறந்தது. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை பார்த்ததில்லை. அன்றைக்கு வாஷர்கள் காலையிலிருந்தே ஓடின. நாலு மணிக்குக் கடைசி லாரி கிளம்பியது. ஹாஷிம் எனக்குக் கை கொடுத்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதுதான் கேவலம்.

இரண்டு நாள் கழித்து ஓட்டலிலிருந்து போன் வந்தது. விருந்தாளி ஒருவர் அறைக்குள் போய்ப் போர்வையை விலக்கியிருக்கிறார். விரிப்பின் ஓரத்தில் முதியோர் இல்லத்தின் பெயர். ஓட்டல்காரர் வேறு லாண்டரி பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

தவுக்கே யோசிக்கவே இல்லை. கடைசியாக லேபிளைக் கண்ணால் பார்ப்பது யார்? ரோலரில் நிற்கிறவர். ஏற்கெனவே மெதுவு, இப்போது கண்ணும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமையோடு ஜெய்னம்பு அக்காவை நிறுத்தச் சொல்லிவிட்டார். சார் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். தவுக்கே ஒரு நாள் கொடுத்தார்.

தவுக்கே திட்டும்போது அக்கா தலையைக் குனிந்தபடி நின்றார். வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்போதும் ஏதாவது கிண்டல் செய்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

“என்ன தம்பி, இன்னைக்கு ரேடியோ ஓடல?” என்றார் அக்கா.

“அக்கா, அட்டையைத் தப்பாப் போட்டது நீங்க இல்லையே. ஏன் பேசாம நின்னீங்க?”

“நான் பேசினா உன்னை அனுப்புவாங்க. உனக்கு ரெண்டு பிள்ளையும் ஸ்கூல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும், நான்தான்னு?”

“உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியலேன்னா எனக்குமா தெரியாது? ஹாஷிம் பிரிச்சுக் கொடுத்தாலும் வாரத்துல ரெண்டு குவியலாவது அட்டை மாறி வரும். நான் லேபிளைப் பாத்து மாத்திப் போட்டுட்டு வேலையைப் பாப்பேன். அன்னைக்கு ஒரேயடியா அத்தனையும் தப்பா அனுப்பிட்டே. மாத்தி மாத்திப் பாத்தேன், ஒரு கட்டு தப்பிப் போச்சு.”

“இத்தனை நாளா மாத்துறீங்களா?”

“தீபாவளிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோமே, அது யாரு யோசனைன்னு நினைச்சே? பயலுக்குக் கண்ணு தெரியலையா, எழுத்து தெரியலையான்னு பாக்கத்தான். நீ பவர் ஒத்துக்கலேன்னியா, சரிதான், இவனுக்கு எழுத்துதான் ஒத்துக்கலேன்னு முடிவு பண்ணிட்டேன்.”

அக்கா சிரித்தார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அக்கா மெதுவு, அக்காவுக்கு வயசாச்சு என்று எல்லோரும் சொன்னோமே, அந்த மெதுவில் பாதி என்னைத் திருத்திய நேரம். மார்சிலிங்கிலிருந்து புக்கிட் மேரா வரை நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தவுக்கேயின் அறைக்குள் போனேன். சாரும் இருந்தார். அக்காவை எதிரே நிற்க வைத்து ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கத் தயாராக இருந்தார்கள்.

“போஸ், அக்கா மேல தப்பு இல்ல. தப்பு என் மேல. எனக்குப் படிக்கத் தெரியாது” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

தவுக்கே என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பதினோரு வருடமாக அவரைச் சிரிக்க வைத்தவன் நான். அவர் முன்னாலேயே அவர் நடப்பது போல நடந்து காட்டியவன். நான் சொல்லும் எதை அவர் நம்புவார்? “நாட் நவ், வீரா, நாட் நவ்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சொன்ன எல்லாப் பொய்யையும் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னதும் ஜோக் என்கிறார்கள். சாரைப் பார்த்தேன். அவர் மேசை டிராயரைத் திறந்து மூன்று லேபிள்களை எடுத்துப் போட்டார். மூன்றும் நீல நூல் ஓரம். அவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டு வெட்டி வைத்திருக்கிறார்.

“வீராண்ணே, ஓட்டலோடதை எடுங்க.”

உற்றுப் பார்த்தேன். ஒன்றை எடுத்தேன். சார் அதைத் திருப்பிப் பார்த்தார். சரியாக எடுத்துவிட்டேன்.

“ஸீ?” என்றார் தவுக்கே.

பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட ஒழுங்காக வராத அதிர்ஷ்டம் அன்றைக்குப் பார்த்து வந்தது. “இன்னொரு தடவை சார்” என்று கெஞ்சினேன். சார் லேபிள்களைக் கலைத்து வைத்தார். எடுத்தேன். தப்பு. மறுபடி கலைத்தார். தப்பு. மறுபடி, தப்பு. எனக்கு ஒரே சந்தோஷம். வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பரீட்சை அது. ஃபெயில் ஆனதால் பாஸ் ஆனேன். நான் நிமிர்ந்து பார்த்தபோது தவுக்கே சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, முக்காட்டு முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சார் அட்டைப்பெட்டி மூடிகளை மேசையில் பரப்பினார். என் மேசையில் பத்தரை மணி வரை வேலை நிற்கிறது, அதனால் வாஷர் நிற்கிறது, அதனால் ரோலர் நிற்கிறது, அதனால் மூன்று மணிக்குத் துணி குவிகிறது. ரோலருக்கு இழுக்கும் மெஷின் வாங்கினால், காலையில் இன்னும் வேகமாகச் சும்மா நிற்கும். தவுக்கே ரொம்ப நேரம் அந்த மூடிகளைப் பார்த்தார். மெஷின் வேண்டாம், முதியோர் இல்லத்தின் விரிப்பு முதியோர் இல்லத்துக்கே போனால் போதும் என்று கடைசியில் சொன்னார். இரண்டு பேரையும் நிறுத்தவில்லை. ஓட்டலுக்கு அவரே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

சார் செய்தது இரண்டே காரியம். காலையில் ரோலருக்குத் துணி வரும்வரை அக்கா என் மேசைக்கு வந்து நீலத்தைப் படித்துப் பிரிப்பார். வாடிக்கையாளர்களைக் கேட்டு, நீல லேபிள்களுக்குப் பக்கத்தில் சூட்டில் ஒட்டும் சின்னப் படம் ஒன்று போட்டோம். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பெருமை எனக்கு. ஓட்டலுக்குக் குடை, ஓர் இல்லத்துக்கு மீன், இன்னொன்றுக்கு டுரியான். நாறுகிற பழம் வேண்டாம் என்று அந்த இல்லத்தார் சொல்லிவிட்டதால் நட்சத்திரம். ஹாஷிமுக்குக் காத்திருந்த காலம் முடிந்தது. ஹாஷிமுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், தன்னை யாரும் செக் பண்ணக் கூப்பிடுவதில்லை என்று.

கடைசியாகச் சார் அந்தச் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ரோலர் பக்கத்தில் போட்டார்.

“அக்கா, துணி இல்லேன்னா இதுல உக்காருங்க. பழைய துணியைத் திருப்பி விடக்கூடாது, எதையும் துடைக்கக் கூடாது. நீங்க உக்காந்தா, முன்னால எங்கேயோ அடைச்சிருக்குன்னு எங்களுக்குத் தெரியும்.”

“வேலை நேரத்துல உக்காரவா? வேணாம் சார், எனக்குக் கூசுது.”

“இதுவும் வேலைதான்கா.”

முதல் வாரம் அக்கா நாற்காலியின் நுனியில், பஸ் வந்துவிடும் என்பது போல உட்கார்ந்தார். தவுக்கேயைப் பார்த்ததும் எழுந்துவிடுவார். அப்புறம் பழகியது. அக்கா உட்கார்ந்தால் வாஷர்காரர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் லாரியைப் பார்ப்பேன். “அக்கா உக்காந்துட்டாங்க!” என்று ஒரு குரல் வரும், அத்தனை பேரும் ஓடுவோம். தவுக்கேகூட மூன்று மணிக்கு வந்ததும் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பார். இப்போது துணிக்குள்ளேயே சிப் வைத்துவிட்டார்கள், எது யாருடையது என்று மெஷினே சொல்கிறது என்று பிரியா சொன்னாள். நல்லது. ஆனால் நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறதாம்.

என் மேசையில் அடைப்பு தீர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். சார்தான், ஓர் இடத்தில் தீர்ந்தால் அது இன்னோர் இடத்துக்கு நகரும், கண்ணை எடுக்காதீர்கள் என்றார். அப்படியே ஆயிற்று. ஒரு மாதத்தில் கட்டிய மூட்டைகள் லாரி ஏறும் இடத்தில் குவிய ஆரம்பித்தன. இந்தத் தடவை நான் இல்லை, அல்லா மேலும் முருகன் மேலும் சத்தியம். அங்கே என்ன பிரச்சினை என்றால், ஹாஷிம் தினமும் மூட்டை ஏற்றுவதற்கு முன்னால்...

போன் அடிக்கிறது. ஜெய்னம்பு அக்கா.

“தம்பி, எங்கே இருக்கே?”

“வீட்டுலதான்கா. உங்களைப் பத்தித்தான் எழுதிக்கிட்டிருக்கேன். அருமையா வருது.”

“வரும் வரும். மலரோட அட்டையில போட என் போட்டோ வேணும்னு சொன்னாங்கன்னு லிட்டில் இந்தியாவுக்கு வந்தேன், பிரிண்டிங் கடைக்கு. எல்லாப் பக்கமும் ரெடியாம். ஒருத்தர் பக்கம் மட்டும் ரெண்டு வாரமா வரலையாம், அதனால மெஷினே ஓட்டலையாம். யாருன்னு கேட்டேன். கடைக்காரர் பேரைச் சொல்றாரு.”

“அக்கா, இன்னும் ஹாஷிம் கதை இருக்கு...”

“ஹாஷிம் கதையை ஹாஷிம் மலர்ல எழுது. இங்க ஒரு நாற்காலி போட்டாங்க. நான் உக்காந்துட்டேன்.”

போனை வைத்துவிட்டார்.

மாலதி, அதோடு நிறுத்தும்மா. பிரிண்ட் எடு. என் செருப்பு எங்கே?